பெயரை மறைக்கும் உரிமை யாருக்கு?

முகம் தெரியாத கணக்குகளை ஒழித்துவிட்டால் இணையம் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். ஆய்வுகளும் வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. யார் யாரிடமிருந்து மறைகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து யாரோ பரப்புகிறார்கள். ஒரு வதந்தியால் ஊர் இரண்டுபடுகிறது. உடனே ஒரு கோரிக்கை எழும்: சமூக ஊடகக் கணக்கு ஒவ்வொன்றையும் ஆதாரோடு இணைக்க வேண்டும், பெயர் சொல்லாத எவருக்கும் எழுத இடம் தரக் கூடாது. இது டீக்கடைப் பேச்சோடு நிற்கிற யோசனை இல்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதையே கேட்டு இரண்டு மனுக்கள் தாக்கலாயின. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. உண்டு என்று சொல்லி, சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி அதற்கொரு முறையை முன்வைத்தார். 2019இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, தமிழ்நாடு அரசு ஆதார் இணைப்புக்கு ஆதரவாகவே வாதாடியது. 2021இல் ஒன்றிய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கேட்டால் முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்று பெரிய செய்திச் செயலிகளுக்குக் கட்டளையிட்டன.

இந்தக் கோரிக்கைகளுக்கு அடியில் மிகப் பழைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. மனிதர்கள் ஊருக்குப் பயந்துதான் ஒழுங்காக நடக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் எதையும் செய்வார்கள் என்பதே அது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் இந்த வாதம் ஒரு கதையாகவே வருகிறது. அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரம் ஓர் இடையனுக்குக் கிடைக்கிறது. அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை நூற்றாண்டாக அது நிலைத்திருக்கிறது. மீதிப் பாதியைப் பார்க்காமல் சட்டம் போட்டால், காப்பாற்ற நினைத்தவர்களையே காட்டிக்கொடுத்துவிடுவோம். பெயர் மறைப்பு மனிதரின் குணத்தை மாற்றுவதில்லை. அவரிடம் இருந்த ஓர் அச்சத்தை மட்டும் எடுத்துவிடுகிறது. அந்த அச்சம் வலியவரைத் தீங்கு செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருந்ததென்றால் தீங்கு நடக்கும். எளியவரை உண்மை பேசவிடாமல் தடுத்துக்கொண்டிருந்ததென்றால் உண்மை வெளிவரும்.

முகமூடிக்கு எதிரான சாட்சிகள்

முதலில் எதிர்த்தரப்பின் சாட்சிகளை முழுமையாகக் கேட்டுவிடுவோம். அவை வலுவானவை. 1969இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ வெளியிட்ட பரிசோதனையில், கல்லூரிப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு முகத்தை மறைக்கும் முக்காடும் தொளதொள அங்கியும் தரப்பட்டன. மற்றவர்களுக்குப் பெயர் அட்டை. இன்னொரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், அந்தப் பெண் நடித்தார். ஆனால் பங்கேற்றவர்களுக்கு அது தெரியாது. முகம் மறைத்தவர்கள், பெயர் அட்டை அணிந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் பொத்தானை அழுத்தினார்கள். 1976இல் எட் டீனரும் அவருடைய சகாக்களும் சியாட்டில் நகரில் ஹாலோவீன் இரவன்று வேடமிட்டு வீடு வீடாக வந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தார்கள். வீட்டுக்காரர் பாத்திரத்தைக் காட்டி, ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். தனியாக வந்து, பெயரும் கேட்கப்பட்ட குழந்தைகளில் 7.5 சதவீதத்தினரே கூடுதலாக எடுத்தார்கள். கூட்டமாக வந்து, பெயர் கேட்கப்படாத குழந்தைகளில் 57 சதவீதத்தினர் அள்ளினார்கள்.

சாலையிலும் இதைப் பார்க்கலாம். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒரு கார் வேண்டுமென்றே நகராமல் நின்றது. பின்னால் வந்தவை கூரையைத் திறந்து மூடக்கூடிய கார்கள். கூரையை மூடியிருந்த ஓட்டுநர்கள், திறந்து வைத்திருந்தவர்களைவிடச் சீக்கிரமாகவும் அதிக நேரமும் அதிகத் தடவையும் ஹாரன் அடித்தார்கள். வட அயர்லாந்தில் நடந்த 500 வன்முறைத் தாக்குதல்களை ஆண்ட்ரூ சில்கே ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். அவற்றில் 206 தாக்குதல்கள் முகத்தை மறைத்தவர்கள் செய்தவை. காயங்களின் கடுமையும், தாக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும், பொருள் சேதமும் அவற்றில் அதிகம். மிட்டாய்ப் பாத்திரத்திலிருந்து துப்பாக்கி வரை சாட்சியம் ஒரே பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். கடைசி ஆய்வில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. முகமூடி அணிந்ததால் கொடூரம் கூடியதா, கொடூரமாகத் தாக்கத் திட்டமிட்டவர்கள் முகமூடியைத் தேர்ந்தெடுத்தார்களா என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

செவிலியர் உடையும் மெரினா கூட்டமும்

ஜிம்பார்டோவின் ஆய்வு வெளியாகிப் பத்து ஆண்டுகள் கழித்து, 1979இல், ராபர்ட் ஜான்சனும் லெஸ்லி டவுனிங்கும் அதே மின்னதிர்ச்சிப் பரிசோதனையை ஒரே ஒரு மாற்றத்தோடு செய்தார்கள். ஜிம்பார்டோ தந்த முக்காடு, கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கு கிளக்ஸ் கிளான் கும்பலின் உடையை நினைவூட்டுவது. அந்த உடையே வன்முறையைத் தூண்டியிருக்கலாமே என்று அவர்கள் யோசித்தார்கள். எனவே ஒரு பகுதியினருக்குக் கிளான் உடை போன்றதையும், இன்னொரு பகுதியினருக்குச் செவிலியர் உடையையும் தந்தார்கள். கிளான் உடையில் அதிர்ச்சி கொஞ்சம் கூடியது. செவிலியர் உடையில் குறைந்தது. அதுவும், அடையாளம் தெரியாமல் இருந்த செவிலியர்கள் இன்னும் குறைவாகவே கொடுத்தார்கள். இரண்டு உடையிலும் பெயர் மறைந்தவர்கள் இருந்தார்கள். கையின் கடுமையைத் தீர்மானித்தது, அந்த உடை எந்த வேலையை நினைவூட்டியது என்பதே.

இப்படிச் சேர்ந்த ஆய்வுகள் அறுபதை டாம் போஸ்ட்மெஸ், ரஸ்ஸல் ஸ்பியர்ஸ் இருவரும் 1998இல் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். பெயர் மறைந்தால் மனிதர் கட்டவிழ்ந்துவிடுவார் என்ற கோட்பாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. அவர்கள் கண்டது வேறு. பெயர் மறையும்போது ‘நான்’ என்ற எண்ணம் பின்னுக்குப் போய் ‘நாங்கள்’ என்ற எண்ணம் முன்னே வருகிறது. அந்த ‘நாங்கள்’ எதைச் சரி என்று கருதுகிறதோ, அதற்கு மனிதர் இன்னும் அதிகமாகக் கட்டுப்படுகிறார். அதாவது, பெயரற்ற நிலையில் ஒழுங்கு போய்விடுவதில்லை. கூட்டத்தின் ஒழுங்கு தனிமனிதரின் ஒழுங்குக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டம் கெட்டதென்றால் விளைவும் கெட்டது, நல்லதென்றால் விளைவும் நல்லது.

தமிழ்நாடு இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தலைவர் இல்லை, கட்சிக் கொடி இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. கூட்டத்தில் சேரும் மனிதர் கட்டுப்பாட்டை இழந்துவிடுவார் என்று பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதியது உண்மையென்றால், கடற்கரையில் பெரும் அழிவு நடந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. இளைஞர்கள் குப்பையைப் பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள், ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டார்கள். பெண்கள் இரவு முழுதும் அங்கேயே இருந்தார்கள். அமைதியாக இருப்பதே அந்தக் கூட்டத்தின் பெருமை என்பது ஆளுக்கு ஆள் பரவியிருந்தது. முகம் தெரியாதவர்கள் அந்தப் பெருமையைக் காத்தார்கள். 23ஆம் தேதி காவல் துறை கூட்டத்தை அப்புறப்படுத்தத் தொடங்கிய பிறகே நகரில் வன்முறை வெடித்தது.

சொந்தப் பெயரில் வரும் வசை

இணையத்துக்கு இது எப்படிப் பொருந்துகிறது? பெயர் மறைப்புதான் வசைக்கு வேர் என்றால், சொந்தப் பெயரில் எழுதுகிறவர்கள் நாகரிகமாக எழுத வேண்டும். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெர்மனியின் ஒரு மனுத் தளத்தில் 2010 முதல் 2013 வரை எழுதப்பட்ட 5,32,197 கருத்துகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அங்கே பெயரைக் காட்டுவதும் மறைப்பதும் எழுதுபவரின் விருப்பம். கடுமையான தாக்குதல் மொழி, பெயரைக் காட்டியவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. காரணம் புரியாததல்ல. ஓர் அரசியல்வாதியையோ நிறுவனத்தையோ திட்டுகிறவர் தாம் நியாயத்துக்காகப் போராடுவதாக நம்புகிறார். தம் தரப்பினரிடம் பாராட்டு கிடைக்கும் என்று தெரிந்தால் பெயரை எதற்கு மறைக்க வேண்டும்? நம் ஊரிலும் சாதிப் பெருமைப் பதிவுகளின் கீழே ஆபாச வசைகளை எழுதுகிறவர்களில் பலர் தம் முகத்தையும் ஊரையும் ஏன், குடும்பப் படத்தையும்கூட வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். அவர்களுக்கு வெட்கம் வர வேண்டிய இடத்தில் கைதட்டல் வருகிறது.

ஹைஃபா பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான பரிசோதனை இன்னொரு காரணத்தைக் காட்டியது. 142 பேரை இருவர் இருவராகப் பிரித்து, உயிர்காக்கும் மருந்து ஒரே ஒருவருக்குத்தான் உண்டு, அதை யாருக்குத் தருவது என்று கணினி வழியே வாதாட வைத்தார்கள். சிலருக்கு எதிராளியின் பெயர் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு உருவம் மட்டும் தெரியும். சிலருக்குக் கண்ணோடு கண் பார்க்கும் வசதி இருந்தது. மிரட்டலும் வசையும் கூடியதற்கு முதன்மைக் காரணம் பெயர் தெரியாதது அல்ல, எதிராளியின் கண்ணைப் பார்க்க முடியாததுதான். வலியால் சுருங்கும் முகம் தெரியாதபோது கை கூசுவதில்லை. இதை எந்த அடையாள அட்டையும் சரிசெய்யாது.

ஒரு நாடு முழுவதும் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டது. இணைய வசையால் உலுக்கப்பட்ட தென்கொரியா, 2007இல் உண்மைப் பெயர்ச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேர் வரும் தளங்களில், பின்னர் ஒரு லட்சம் பேர் வரும் தளங்களிலும், குடிமக்கள் பதிவெண்ணைச் சரிபார்த்த பிறகே கருத்து எழுத முடியும். சட்டம் வந்த மறு ஆண்டு அரசு அமைப்பே எடுத்த கணக்கில், தீய கருத்துகளின் பங்கு 13.9 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகத்தான் குறைந்திருந்தது. சட்டம் நடப்பில் இருந்த 2008இலேயே, வதந்திகளாலும் வசைகளாலும் துன்புறுத்தப்பட்ட புகழ்பெற்ற நடிகை சோய் ஜின்-சில் உயிரை மாய்த்துக்கொண்டார். 2009இல் யூடியூப், சட்டத்துக்குப் பணிவதற்குப் பதிலாகக் கொரியப் பக்கத்தில் காணொளி ஏற்றுவதையும் கருத்திடுவதையும் நிறுத்திவிட்டது. 2011இல் நேட், சைவேர்ல்டு தளங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் மூன்றரைக் கோடிப் பயனாளர்களின் விவரங்களைத் திருடினார்கள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடிதான். 2012 ஆகஸ்டில் தென்கொரிய அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. வசை குறையவில்லை, பேச்சுரிமை சுருங்கியது, மக்களின் அடையாளங்கள் திருடர் கைக்குப் போயின. ஆதாரை இணைக்கச் சொல்கிறவர்கள் இந்த ஐந்து ஆண்டுகளைப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

பெயரே சாதியைச் சொல்லும் நாட்டில்

கொரியாவைவிட நமக்கு ஆபத்து அதிகம். இங்கே பெயர் வெறும் பெயராக இருப்பதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, கல்வித் தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள விண்ணப்பங்களை அனுப்பி, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்முகத்துக்குப் போய் முகம் காட்டுவதற்கு முன்பே பெயர் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

தமிழ்ச் சமூகம் இதற்கு எதிராக ஒரு பெரிய பரிசோதனையை ஏற்கெனவே செய்திருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி கேட்டது. இன்று தமிழ்நாட்டில் முதலெழுத்தும் பெயரும் மட்டும் போட்டுக்கொள்வது இயல்பாகிவிட்டது. இதையும் ஒருவகைப் பெயர் மறைப்பு என்றே சொல்ல வேண்டும். சாதி ஒழிந்துவிடவில்லை, “எந்த ஊர்? எந்தத் தெரு? குலதெய்வம் எது?” என்று சுற்றிவளைத்துக் கேட்கிற வழக்கமும் போகவில்லை. ஆனால் கேட்டால்தான் தெரியும் என்ற நிலை, கேட்காமலே தெரியும் என்ற நிலையைவிட மேல். தனிக் குவளை வைத்த கிராமத்து டீக்கடையில் ஒவ்வொருவரையும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிதல்தான் குவளையைப் பிரித்தது. நகரத்துக் கடையில் யாரும் யாரையும் அறியாததால் ஒரே கண்ணாடித் தம்ளர் எல்லோர் உதட்டுக்கும் போகிறது. பொதுத்தேர்வில் பெயரும் பதிவெண்ணும் உள்ள முகப்புத் தாளைப் பிரித்தெடுத்து, டம்மி எண் போட்ட பிறகே விடைத்தாள் திருத்துபவர் மேசைக்குப் போகிறது. அந்த மாணவி யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் நீதி.

பெண்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டாருக்குத் தெரியாமல் கவிதை எழுதினார். சல்மா என்ற புனைபெயர்தான் அவருக்குக் கதவாக இருந்தது. 2000இல் முதல் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டே அவர் பேரூராட்சித் தலைவரானார். அன்று உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கியிருந்தால் தமிழுக்கு அந்தக் கவிஞர் கிடைத்திருக்க மாட்டார். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காகச் சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சிநேகா அமைப்பும், குடிநோயாளிகளுக்காக 1935இல் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. பெயர் சொல்லாமல் பேசலாம் என்பதால்தான் அங்கே வாயைத் திறக்கிறார்கள்.

ரகசிய வாக்கும் ரகசிய நன்கொடையும்

பெயர் மறைப்புக்கு எதிராக இதுவரை வைக்கப்பட்டவற்றில் மிக மதிப்புள்ள வாதம் ஜான் ஸ்டூவர்ட் மில்லுடையது. 1861இல் அவர் ரகசிய வாக்கை எதிர்த்தார். வாக்கு என்பது ஒருவரின் சொந்த உடைமை அல்ல, சமூகம் அவரிடம் ஒப்படைத்த பொறுப்பு. பொறுப்பை எல்லோர் கண் முன்னாலும் நிறைவேற்றினால்தான் சுயநலம் தலைதூக்காது என்றார். மிரட்டி வாக்கு வாங்கும் காலம் பெரும்பாலும் போய்விட்டது என்றும் நம்பினார். ஆனால் 1868 தேர்தலில் வேல்ஸ் பகுதிக் குத்தகை விவசாயிகள் பண்ணையார்களின் விருப்பத்துக்கு மாறாக வெளிப்படையாக வாக்களித்தார்கள்; பலர் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். 1872இல் பிரிட்டன் ரகசிய வாக்கைச் சட்டமாக்கியது. மில்லின் தர்க்கத்தில் குறையில்லை. வாக்காளர்கள் எல்லோரும் சமமான வலிமையுடன் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டதில்தான் அவர் தவறினார்.

நம் வாக்குச் சாவடியில் இயந்திரத்தைச் சுற்றி நிற்கும் அந்த அட்டைத் தடுப்பு, கூலித் தொழிலாளிக்கும் பண்ணையாருக்கும் நடுவே நிற்கிற சுவர். அந்தச் சுவரிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இப்போது சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாவதால், எந்தக் காலனி எந்தக் கட்சிக்குப் போட்டது என்பது மறுநாளே தெரிந்துவிடுகிறது. பல இயந்திரங்களைச் சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இதே ரகசியத்தின் பெயரைச் சொல்லி இன்னொரு திட்டம் 2018இல் வந்தது. தேர்தல் பத்திரம் வழியாகக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. நன்கொடையாளரின் அந்தரங்கத்தைக் காப்பதாக அரசு வாதிட்டது. ஆறு ஆண்டுகளில் விற்ற பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். மாணவரும் தினக்கூலியும் தரும் சிறு நன்கொடையில் அரசியல் சார்பு வெளிப்படாமல் இருக்கும் உரிமை உண்டு. கொள்கையையே மாற்றும் பணத்துக்கு அந்தப் போர்வையை விரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். விவரங்கள் வெளியானபோது, மிக அதிகமாக வாங்கிய தனி நிறுவனம் கோவை முகவரி கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு என்பது தெரிந்தது. அதில் 509 கோடி தனக்கு வந்ததாகத் திமுக தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. எல்லாக் கட்சிகளிலும் மிக அதிகம் பெற்றது பாஜக. யார் கொடுத்தார்கள் என்பது கட்சிகளுக்குத் தெரிந்திருக்க வழி இருந்தது. வாக்காளருக்கு மட்டும்தான் இல்லை. வாக்கின் ரகசியமும் பத்திரத்தின் ரகசியமும் மேலோட்டமாக ஒன்று போல் தெரியும். ஒன்று அதிகாரத்திடமிருந்து குடிமக்களை மறைக்கிறது. மற்றொன்று குடிமக்களிடமிருந்து அதிகாரத்தை மறைக்கிறது.

மொட்டைக் கடிதத்தை என்ன செய்வது?

எதிர்வாதங்களில் இரண்டு பதில் சொல்லியே ஆக வேண்டியவை. முதலாவது, போலிக் கணக்குகளால் சிதைக்கப்படும் பெண்களைப் பற்றியது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் மார்ஃபிங் படங்கள் போலி ஃபேஸ்புக் கணக்கில் வந்தன. பெற்றோர் காவல் துறையிடம் போனார்கள். நடவடிக்கை தாமதமானது, படம் மறுபடியும் வந்தது, அந்தப் பெண் உயிரை விட்டார். அதன் பிறகு ஓரிரு நாள்களில் சந்தேக நபர் கைதானார். போலிப் பெயரைப் பிடிக்க வழி ஏற்கெனவே இருந்தது. பிடிக்க வேண்டியவர்கள் அசையவில்லை. இணைய இணைப்பின் எண், கைபேசி, சிம் அட்டை என்று ஒவ்வொரு கணக்கும் தடம் விட்டுத்தான் போகிறது. குற்றம் நடந்த பின் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் அந்தத் தடத்தைத் தொடர்வது வேறு, குற்றமே செய்யாத கோடிக்கணக்கானவர்களின் பெயரை முன்கூட்டியே வாங்கி வைப்பது வேறு. முதலாவதை மணிக்கணக்கில் செய்யக்கூடிய காவல் நிலையங்கள்தாம் பெண்களுக்கு வேண்டும். எல்லோருடைய பெயரும் உள்ள பட்டியல், விவரம் கசியும் நாளில், ஒரு பெண்ணின் வீட்டு முகவரியை அவளைத் துரத்துகிறவனிடமே கொடுத்துவிடும்.

இரண்டாவது, பொய்ப் புகார். மொட்டைக் கடிதம் எழுதியே ஒருவரின் பதவி உயர்வைக் கெடுத்துவிடலாம் என்பது அரசு அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரியும். பெயரில்லாப் புகார்கள்மீது நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இல் உத்தரவிட்டதற்கும் அதுவே காரணம். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் கடிதத்தைக் கிழித்துப் போடுவதும் கடிதத்தை நம்பித் தண்டிப்பதும் மட்டுமே நம்முன் இருக்கும் வழிகள் என்று யார் சொன்னது? எந்தச் சாலை, எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று சரிபார்க்கத்தக்க தகவல் கடிதத்தில் இருந்தால், எழுதியவர் பெயர் எதற்கு? சாலையைத் தோண்டிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். தகவல் இல்லாமல் ஏச்சு மட்டும் இருந்தால் குப்பைத்தொட்டியில் போடலாம். பெயரில்லாக் குற்றச்சாட்டு விசாரணையைத் தொடங்கி வைக்கலாம். ஒருநாளும் தீர்ப்பாகிவிடக் கூடாது.

பெயரைச் சொன்னவருக்கு என்ன ஆனது என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, அதில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமருக்கு எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்று சிபிஐ சொன்னது, 2010இல் மூவருக்குத் தண்டனையும் கிடைத்தது. கொலைக்கு எது காரணம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். காக்கச் சொல்லிக் கேட்ட பெயரை அரசு காக்கவில்லை என்பதில் வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

அதிகாரத்துக்குப் பெயர் வேண்டும்

ஆகவே, பெயர் மறைப்பு நல்லதா கெட்டதா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அதிகாரம் கூடக் கூடப் பெயர் வெளியே தெரிய வேண்டும். குறையக் குறைய மறைப்புக்கு உரிமை கூட வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் பல குழப்பங்கள் தீரும். கைது செய்யும் காவலர் தெளிவாகத் தெரியும் பெயர்ப் பட்டையும் பதவியும் அணிந்திருக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்னது; அது ஒவ்வொரு தெருவிலும் நடக்க வேண்டும். கட்சிக்குக் கோடிகள் கொடுக்கும் நிறுவனம் பெயரைச் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரே அறையிலிருந்து இயக்கி, சாமானியரின் குரல் போலக் காட்டும் பிரசார அமைப்புகள், தமக்குப் பணம் தருவது யார் என்று சொல்ல வேண்டும். அவர்களிடம் இருப்பது எளியவரின் மறைவு அல்ல, பணத்தின் மறைவு.

மறுபக்கம், ஊழலைச் சொல்லும் குமாஸ்தாவும், வீட்டு வன்முறையைச் சொல்லும் பெண்ணும், சாதி தெரியாமல் எழுத விரும்பும் இளைஞரும் பெயர் சொல்லாமல் பேசட்டும். நிலையான புனைபெயர் ஒன்றோடு எழுதினால் அதுவும் ஒரு முகம்தான். புதுமைப்பித்தனையும் சுஜாதாவையும் வாசகர்கள் அந்தப் பெயரில்தான் பாராட்டினார்கள், அந்தப் பெயரில்தான் கண்டித்தார்கள். வாசகராகிய நமக்கும் இதில் வேலை உண்டு. முகம் தெரியாத கூட்டம் எதைச் சரி என்று நினைக்கிறதோ அதையே அதில் உள்ளவர் செய்கிறார் என்றால், வசைக்கு விழும் ஒவ்வொரு லைக்கும் அந்தக் கூட்டத்தின் சட்டத்தை எழுதுகிறது. அதை எழுத மறுப்பது நம் கையில் இருக்கிறது.

அரசின் கையில் இருப்பதைச் செய்ய அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. முறைகேடுகளை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. பெயரில்லாப் புகாரை ஏற்காத குறை அதில் இருக்கிறது; அதைத் திருத்த வேண்டும். ஆனால் அதற்கு முன், சட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். ஒப்புதல் கிடைத்துப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை வெளியாகவில்லை.